எம்டன் கதையும் நம் வகுப்பறையும்

போர்க்காலப் பிரசாரம் பொதுமக்களின் கருத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை மாணவருக்குக் கற்பிக்க முற்படும் ஆசிரியர் பெரும்பாலும் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்தே தொடங்குகிறார். கோயபல்ஸின் பெயர் கரும்பலகையில் எழுதப்படுகிறது. நாசிக் கட்சியின் சுவரொட்டிகள் காட்டப்படுகின்றன. பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மெய்யாகிவிடும் என்ற விளக்கமும் தரப்படுகிறது. பாடம் முடிந்தபின் மாணவர் மனநிறைவோடு எழுந்து போகின்றனர். பொய் சொன்னவர் வேறு நாட்டார்; நம்பி ஏமாந்தவரும் வேறு நாட்டார்; எல்லாம் நடந்து முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வகைப் பாடம் அறிவைக் கூட்டுகிறது, ஒருவரையும் உறுத்துவதில்லை. பகைவன் பொய்யன் என்று மட்டும் கற்பிக்கும் பாடம் தானே ஒரு சிறு பிரசாரமாக முடிந்துவிடுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

நம் பாட்டன்மார் நம்பியவற்றிலிருந்தும், நம் திருச்சபை பேசியவற்றிலிருந்தும், பேசாது விட்டவற்றிலிருந்தும் இப்பாடம் தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. அதற்கு ஏற்ற நூல் ஒன்று நம்மிடையே உண்டு. அது அச்சிட்ட நூல் அன்று. சென்னை உயர்நீதிமன்ற மதிலில் பதித்த ஒரு கல்லிலும், வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலும், மேடைச் சொற்பொழிவுகளிலும், பாடப்புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கும் எம்டன் கதையே அது. இக்கதையை ஒரு நூலைப்போலக் கையில் எடுத்துத் திறனாய்வு செய்வது மாணவருக்கும் ஆயர்களுக்கும் பயன் தரும்.

நிகழ்ச்சி சிறியது. முதல் உலகப்போர் மூண்ட இரண்டாம் மாதத்தில், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஒன்பதரை மணியளவில், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி வந்தது. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பர்மா எண்ணெய்க் குழுமத்தின் தொட்டிகளைக் குறிவைத்து ஏறக்குறைய 130 குண்டுகள் வீசப்பட்டன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிரிழந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அரைமணி நேரத்துக்குள் கப்பல் இருளில் மறைந்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் அதனை அழித்தது. சென்னை அதன்பின் எம்டனைக் காணவில்லை.

ஆனால் நகரத்தின் மனத்தில் கப்பல் கரையைவிட்டுப் போகவில்லை. அடுத்த நாள்களில் பல்லாயிரக்கணக்கானோர் இரயிலிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊரைவிட்டு வெளியேறினர். சேதம் அற்பம், அஞ்சவேண்டாம் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. அது பெரும்பாலும் உண்மையும்கூட. எனினும் மக்கள் அதை நம்பவில்லை. கடலை ஆளும் பேரரசு என்று பல தலைமுறைகளாகக் கேட்டு வந்தவர்கள், அப்பேரரசின் துறைமுகத்தில் எண்ணெய் எரிவதைத் தங்கள் கண்களால் கண்டார்கள். கண்டதற்கும் கேட்டதற்கும் இடையே விழுந்த பிளவை வதந்தி நிரப்பிற்று. ஜெர்மானியர் மீண்டும் வருவர், தரையிறங்குவர், நகரம் வீழும் என்ற பேச்சுகளுக்கு எந்த அலுவலகமும் தேவைப்படவில்லை. பிரசாரம் என்றால் மேலிருந்து கீழே ஊற்றப்படுவது என்று மட்டும் எண்ணும் மாணவர் இங்குச் சற்று நிற்கவேண்டும். மேலிருந்து வந்த சொல் நம்பிக்கையை இழந்த இடத்தில் மக்கள் தாமே தமக்குச் செய்தி உற்பத்தி செய்துகொள்கின்றனர். 1942 ஏப்ரலில் இதே நகரம் மீண்டும் இதே அனுபவத்தைக் கண்டது. உயிர்த்தெழுதல் பண்டிகை நாளாகிய ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அரசே தன் அலுவலகங்கள் பலவற்றை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றிற்று. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அரசு சிங்கங்களைச் சுடும்போது, அமைதியாயிருங்கள் என்ற அறிக்கையை யார் படிப்பார்?

எம்டன் விட்டுச்சென்ற மிக விந்தையான எச்சம் ஒரு சொல். அஞ்சத்தக்கவனும் தந்திரசாலியும் நம் பேச்சில் எம்டன் ஆனான். கண்டிப்பான தந்தைக்கும் அப்பெயர் வந்தது. 2006இல் எம்டன் மகன் என்று பெயரிடப்பட்ட ஒரு திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு அளிக்கப்பட்ட வரிவிலக்கின் பொருட்டு, எம் மகன் என மாறிற்று. ஒரு ஜெர்மன் கப்பலைத் தமிழ்ச் சொல்லிலிருந்து வெளியேற்ற வரிச்சலுகை வேண்டியிருந்தது என்று சிரிக்கலாம். ஆயினும் அச்சொல்லில் அச்சம் மட்டும் இல்லை, வியப்பும் கலந்திருக்கிறது என்பதைக் காணவேண்டும். ஆள்வோனை அடித்தவன்மீது ஆளப்படுவோனுக்கு எழும் இரகசிய மகிழ்ச்சி அது. பிரிட்டிஷ் பிரசாரம் நாள்தோறும் வெறுக்கச் சொன்ன பகைவனைத் தமிழ் மொழி ஓரளவு பாராட்டிவைத்தது. எனவே பிரசாரம் எப்போதும் வெல்லும் என்பதும் உண்மையன்று. கேட்பவனின் பழைய காயங்களோடு பொருந்தினால் அது வேர் பிடிக்கிறது. பொருந்தாவிடில் தலைகீழாகவும் விளைகிறது.

இந்த மகிழ்ச்சியே பின்னர் மற்றொரு கதையைப் பெற்றெடுத்தது. நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடியில் பிறந்த செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார், அவரே சென்னையைத் தாக்க வழிகாட்டினார் என்பது அது. மேடைகளில் இதனைக் கேளாதவர் அரியர். செண்பகராமன் மெய்யான விடுதலை வீரர். ஐரோப்பாவில் அவர் ஆற்றிய பணி வரலாற்றில் உள்ளது. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். பின்பு பெர்லினுக்குச் சென்றார். வங்கக் கடலில் பல வாரங்களாகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த எம்டனில் அவர் ஏறியதற்குச் சான்று இல்லை. இக்கதையைப் பரப்பியவர் எவரும் கூலி பெற்றுப் பொய் சொன்னவர் அல்லர். அன்பினால் நம்பினர். மாணவருக்கு இதைச் சொல்லும்போது வகுப்பில் முணுமுணுப்பு எழும். அம்முணுமுணுப்பு எழும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. நாசிச் சுவரொட்டியை அலசுவது எளிது. நமக்கு இனிப்பாயிருக்கும் ஒரு பொய்யைக் கீழே வைப்பது எளிதன்று.

இனி, நம் திருச்சபைக்கு வருவோம். எம்டனின் குண்டுகள் விழுந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவில், புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில், ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் உண்டு. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயருக்குக் கிழக்கிந்தியக் குழுமம் எழுப்பியது. சுவார்ட்ஸ் பிரஷ்ய நாட்டார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் ஜெர்மானியரே. தமிழ்ப் புரோட்டஸ்டாண்டுத் திருச்சபையின் திருமறையும் பாடலும் பள்ளியும் அம்மக்களின் கைகளால் வந்தவை. அவர்களுக்குப் பின் 1840 முதல் தமிழகத்தில் ஊழியம் செய்த லைப்சிக் மிஷனைச் சேர்ந்தோர் 1914இல் ஒரே கோடையில் பகைநாட்டார் ஆயினர். பலர் அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915 இறுதியிலும் 1916 தொடக்கத்திலும் கோல்கொண்டா என்னும் கப்பலில் ஜெர்மன் மிஷனெரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் நாடு கடத்தப்பட்டனர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையை மட்டும் தொட்ட செய்தி அன்று இது. மேற்குக் கரையில் பாசல் மிஷனும், சோட்டா நாகபுரியில் கோஸ்னர் மிஷனும் இதே முடிவையே கண்டன. 1919இல் கையொப்பமான வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 438ஆம் பிரிவு ஜெர்மன் மிஷன் சொத்துகளை என்ன செய்வது என்பதற்கென்றே எழுதப்பட்டது.

நம் திருச்சபை வரலாற்று வகுப்புகளில் இதனை எவ்வாறு சொல்கிறோம்? மிஷனெரிகள் சிறைப்பட்டனர், சுவீடன் திருச்சபை மிஷன் உதவிக்கு வந்தது, 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது, கடவுள் தீமையை நன்மையாக்கினார். மூன்று வாக்கியமும் ஒரு துதியும். வாக்கியங்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். சிறைப்பட்டனர் என்ற வினைக்குச் சிறைப்படுத்தியவர் இல்லை. நேற்றுவரை ஐயர் என்று வணங்கிய மனிதரை இன்று ஒற்றர் என்று நினைக்கக் கற்பித்தது எது என்ற கேள்வி அந்த இலக்கணத்துக்குள் எழவே முடியாது. கடவுளின் செயலை நான் மறுக்கவில்லை. தன்னாட்சி நமக்குக் கிடைத்த பெரும் நன்மையே. ஆனால் கடவுளின் பெயரைச் சொல்லி இடைப்பட்ட ஆண்டுகளைத் தாண்டிக் குதிப்பது வேறு.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிரசங்க பீடங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை நம் மாணவர் ஓரளவு அறிவர். 1914 அக்டோபரில் 93 ஜெர்மானிய அறிஞர்கள் தம் நாட்டின் போரை ஆதரித்து வெளியிட்ட அறிக்கையில் ஹார்னாக்கின் கையொப்பமும் ஹெர்மனின் கையொப்பமும் இருந்தன. தம் ஆசிரியர்களின் பெயர்களை அங்கே கண்ட கார்ல் பார்த் அவர்களுடைய இறையியலையே ஐயுற்றார். பார்த்தின் ரோமர் விளக்கவுரையைக் கற்பிக்கும்போது இந்நிகழ்ச்சியை முன்னுரையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எதிர்ப்பக்கம் மேலானதாய் இல்லை. 1915இல் லண்டன் பேராயர் விண்ணிங்டன்-இங்க்ரம் ஜெர்மானியரைக் கொல்வதைப் புனிதப் போரின் கடமையாகவே பிரசங்கித்தார். கற்றவர், பக்தர், மேய்ப்பர் என்பதால் ஒருவர் பிரசாரத்துக்கு அப்பாற்பட்டவராகிவிடுவதில்லை. கற்றவருக்கு அதனை அழகிய மொழியில் நியாயப்படுத்தும் திறமை கூடுதலாக உண்டு.

போர் முடிந்தபின் வெறுப்பு தானாகத் தணிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அது விதியாக உறைந்து நிற்கிறது. ஜெர்மன் மிஷனெரிகள்மீது எழுந்த ஐயத்தின் விளைவாக, பிரிட்டிஷார் அல்லாத மிஷன் சங்கங்கள் அரசுக்குக் கீழ்ப்படிந்து ஒத்துழைப்பதாக உறுதி கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1919க்குப் பின் வந்தது. பதினோர் ஆண்டுகள் கழிந்து அது யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்கர் இரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான் காந்தியடிகளின் நண்பராகிய ரெஜினால்டு ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். அதன் விளைவாக 1930இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஜெர்மானியனுக்கு அஞ்சிச் செய்த பூட்டு, கதர் அணிந்த விருந்தாளிக்குச் சோறிட்டவரைப் பூட்டுவதற்குப் பயன்பட்டது.

சென்னைக்கு மேற்கே பாடியில், ஒரு சபையின் வாலிபர் வகுப்பில், 2025 ஜூன், ஜூலை மாதங்களில் இப்பாடத்தை நடத்திப் பார்த்தோம். பாடி என்ற சொல்லுக்குப் படை தங்குமிடம் என்றும் பொருள் உண்டு. ஊர்ப்பெயருக்கு அதுவே மூலம் என்று நான் வாதிடவில்லை; ஆனால் அம்மாணவர்களின் வாழ்வுக்கு அப்பொருள் தொலைவானதும் அன்று. சிலருடைய தந்தையர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து படைக்குப் போன காலந்தொட்டு அவ்வீடுகளில் போர் என்பது பத்திரிகைச் செய்தி மட்டும் அன்று; மாதச் சம்பளம், குடியிருப்பு, பெருமை. அவர்களிடம் போய்ப் போர்ச் செய்தியை ஐயுறுங்கள் என்று சொல்வது தந்தையை அவமதிப்பதுபோல ஒலிக்கும். ஒரு மாணவி இதை வெளிப்படையாகவே கேட்டாள்: "ஐயா, எங்க அப்பா முப்பது வருஷம் செஞ்ச வேலை தப்புன்னு சொல்றீங்களா?" இல்லை. தொழிலாளியின் உழைப்பும் படைவீரனின் துணிவும் வேறு. அவற்றின் பெயரால் பிறர் பேசும் பேச்சு வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத ஆசிரியர் வகுப்பை முதல் நாளிலேயே இழந்துவிடுவார்.

அவ்வாண்டு மே 8ஆம் தேதி இரவு நம் நாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசைகள் சில, கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டது என்று அறிவித்தன. அது நடக்கவில்லை. கணினி விளையாட்டிலிருந்து எடுத்த காட்சிகள் போர்க்களப் படங்களாகக் கைப்பேசிகளில் உலவின. வகுப்பிலிருந்த ஓர் இளைஞர் அத்தகைய காட்சி ஒன்றைச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார். ஏன் அனுப்பினீர் என்று கேட்டபோது, உண்மை என்று நம்பியதால் அன்று, அனுப்பாமல் இருந்தால் நான் எந்தப் பக்கம் என்று கேட்பார்களோ என்ற எண்ணத்தால் என்றார். இந்த விடையை நான் எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. மக்கள் போர்ச் செய்தியை நம்புவதால் மட்டும் பரப்புவதில்லை. தாம் சேர்ந்தவர்கள் என்று காட்டிக்கொள்வதற்கும் பரப்புகின்றனர். ஆகவே, செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்கும் உத்திகளை மட்டும் கற்பிப்பது போதாது. தனித்து நிற்கும் அச்சத்தைப் பற்றியும் பேசவேண்டும். அதைப் பேசுவதற்குத் திருச்சபையைவிடத் தகுதியான இடம் இருக்கக்கூடாது. ஆனால் பல சபைகளில் அன்று தனித்து நிற்பது கடினமாகவே இருந்தது.

எம்டன் கதையில் மாணவர்க்குக் கொடுத்த பயிற்சி எளியது. 1914 செப்டம்பர் 23ஆம் நாள் காலையில் ஒரு சென்னைவாசி அறிந்திருக்கக் கூடியது எது, அவர் அறிய இயலாதது எது, அறிந்தும் அறிய விரும்பாதது எது என்று எழுதிவருமாறு கேட்டோம். மூன்றாவது கேள்விக்கே நீண்ட விடைகள் வந்தன. பின்பு அதே மூன்று கேள்விகளை 2025 மே 9ஆம் நாள் காலைக்கும் கேட்டோம். அப்போது விடைகள் சுருங்கின.

ஈண்டு எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லவேண்டும். எல்லாம் பிரசாரம், எதையும் நம்பாதே என்று மாணவரை அனுப்பிவிடுவது கல்வி அன்று. 1917இல் ஜெர்மானியர் தம் படைவீரரின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்ற கதையைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பரப்பின. 1925இல் அது கட்டுக்கதை என்பது பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் யூதர்கள் கொல்லப்படும் மெய்யான செய்தி வந்தபோது, இதுவும் பழைய பிணத்தொழிற்சாலைக் கதைதானோ என்று பலர் தயங்கினர். பழைய பொய் புதிய மெய்யின் வாயை அடைத்தது.

நமக்கு இன்னும் அருகில், 2009இல் வன்னியில் நடந்ததைப் பாருங்கள். பொதுமக்கள் ஒருவருக்கும் தீங்கில்லாத மனிதாபிமான நடவடிக்கை என்றது இலங்கை அரசு. போர்ப் பகுதிக்குள்ளிருந்து மருத்துவர்கள் சாவுகளை எண்ணிச் சொன்னார்கள். ஜூலை மாதம் அம்மருத்துவர்களே, காவலில் இருந்த நிலையில், கொழும்பில் செய்தியாளர்முன் நிறுத்தப்பட்டுத் தாம் சொன்னவை மிகையென்று கூறினர். 2011இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்றது. அதே அறிக்கை, வெளியேற முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் சொன்னது. தமிழகத்து மேடைகளில் அறிக்கையின் முதற்பகுதி முழங்கிற்று; இரண்டாம் பகுதி கேட்கவே இல்லை. கொழும்பில் நேர்மாறு. நம் துயரம் மெய்யானது என்பதால் நம் மௌனம் நியாயமாகிவிடாது. இதை ஈழத்து உறவினர் உள்ள மாணவர்முன் சொல்வது கடினம். அவர்கள் இழந்தவற்றுக்கு முதலில் இடம் கொடுத்த பிறகே சொல்லவேண்டும். மருத்துவர்களின் இரு கூற்றுகளில் எது மெய் என்று உடனே தீர்ப்புச் சொல்லச் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் பேசுகிறவருக்குப் பின்னால் யார் நின்றார் என்று கேட்கச் சொல்வது நல்ல தொடக்கம்.

பிரசாரம் என்ற சொல்லையே நாம் இலேசாகக் கடந்துவிடக்கூடாது. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் சொல், 1622இல் விசுவாசத்தைப் பரப்புவதற்காக உரோமையில் நிறுவப்பட்ட திருச்சங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. நாமும் சுவிசேஷப் பிரசாரம் என்று தயக்கமின்றிச் சொல்லி வந்தோம். நாம் அன்போடு நினைக்கும் தமிழோசையும் இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941 மே மாதத்தில், பி.பி.சி. தொடங்கிய தமிழ் ஒலிபரப்பிலிருந்து வளர்ந்ததே. பிறப்பு ஒன்றின் முடிவைத் தீர்மானித்துவிடுவதில்லை. ஆனால் பிறப்பை மறைக்கவும் வேண்டியதில்லை.

திருமறையில் இப்பாடத்துக்கு இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தை நாங்கள் எடுத்தோம். எருசலேமின் அலங்கத்துக்கு வெளியே நின்று ரப்சாக்கே ஆற்றும் உரை போர்ப் பிரசாரத்தின் முழு இலக்கணம். எலியாக்கீமும் உடனிருந்தோரும் சீரிய மொழியில் பேசுமாறு வேண்டுகின்றனர். அவன் மறுத்து, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் எளிய மனிதர் கேட்கும்படி யூத மொழியிலேயே உரக்கப் பேசுகிறான். அவன் சொல்வதெல்லாம் பொய் அன்று. எகிப்தை நம்பினால் கைவிடும் என்கிறான்; ஏசாயாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எசேக்கியா மேடைகளை அகற்றினது மெய். அதற்கு அவன் தரும் பொருள் திரிபு. நாடுகடத்தலைத் திராட்சத் தோட்டமுள்ள தேசமாக வருணிக்கிறான். கடைசியில் கர்த்தரே தன்னை அனுப்பினார் என்றும் சொல்லிவிடுகிறான்.

பகைவனின் பேச்சை இவ்வளவு அலசியதும் வகுப்பு மகிழ்ந்தது. அப்போது 14 முதல் 16 வரையுள்ள வசனங்களைப் படிக்கச் செய்தோம். எசேக்கியா சனகெரிபுக்குப் பணிந்து, முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கொடுத்ததாக அவை கூறுகின்றன. ஆலயக் கதவுகளின் பொன்தகடுகளையும் கழற்றிக் கொடுத்தான். அடுத்து ஏசாயா 36ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னோம். அதே கதை ஏறத்தாழ அதே சொற்களில் அங்கு உள்ளது. அம்மூன்று வசனங்கள் மட்டும் இல்லை. சனகெரிபின் களிமண் பட்டயமோ பொன்னில் அதே முப்பது தாலந்தையும் வெள்ளியில் எண்ணூறு தாலந்தையும் சொல்லுகிறது. எசேக்கியாவை நகரத்துக்குள் அடைத்ததாகப் பெருமை பேசுகிறது. நகரத்தைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை.

டாங்கித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளே அப்போது கேட்டாள்: அப்படியானால் ஏசாயாவின் புத்தகமும் பிரசாரமா? வசனங்கள் விடுபட்டதற்குத் திருமறை அறிஞர் பல காரணங்கள் கூறுவர், அவற்றையும் சொன்னோம். இரண்டு வாரம் அக்கேள்வியிலேயே நின்றோம். தோல்வியைப் பதிவு செய்த புத்தகத்தையும், அதை விட்டுவிட்ட புத்தகத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்த மக்கள் அவற்றில் ஒன்றைத் திருத்தி மற்றதோடு ஒப்பாக்க முயலவில்லை என்பதை அவளே கண்டு சொன்னாள். அடுத்த பருவத்துக்கு எரேமியா 38ஆம் அதிகாரம் குறிக்கப்பட்டுள்ளது. போர்வீரரின் கைகளைத் தளர்த்துகிறான் என்று தீர்க்கதரிசியின்மேல் பிரபுக்கள் சாட்டிய குற்றத்தை, அவர்கள் தரப்பில் நின்று வாதிட்டு எழுதிவருமாறு மாணவரிடம் கேட்டிருக்கிறோம்.